நாலாம் படையில் எடுக்காத ஓடு

ரொம்மன், ஒஸ்லோ
2006 ஆனி

தம்பிக்கு,

இது சுகம் கேட்டு எழுதுகிற கடிதம் இல்லை. சுகம் கேட்பதை நீயும் நானும் இரண்டு வருசமாக டெலிபோனில் குறைவில்லாமல் செய்து வருகிறோம். எனக்குக் கால் நோ, உனக்கு வேலை, இரண்டு பேருக்கும் ஒஸ்லோவின் குளிர். இந்த மூன்றையும் கதைத்து முடிக்க எங்களுக்கு நாலு நிமிசம் போதும். நீ த்ரொம்ஸோவுக்குப் போகிறாய், அங்கே மியூசியத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்பதை நீ அப்பாவிடம் சொல்லி, அப்பா என்னிடம் சொல்லித்தான் நான் அறிந்தேன். போன சனிக்கிழமை வந்து பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனாய். வாசலில் நின்று, "சரி அம்மா, அப்ப வாறன்" என்றாய். ரயிலுக்கு இன்னும் பன்னிரண்டு நிமிசம் இருந்தது. எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

அதற்கு இரண்டு கிழமைக்கு முதல் டெலிபோனில் நீ சொன்ன ஒரு சொல்தான் என்னை எழுத வைத்தது. இங்குள்ள தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரை எங்கேயோ பார்த்திருக்கிறாய். முன் அட்டையில் நான் கீறிய அந்தப் பானை ஓட்டுப் படம். உள்ளே எனக்குப் பொன்னாடை போர்த்திய போட்டோ. "வாழ்த்துக்கள் அம்மா" என்றாய். பிறகு வெளியில் மழையா என்று கேட்டாய். படத்தை நான் கொடுக்கவில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அதை மட்டும் சொன்னால் அதுவும் ஒரு பாதிப் பொய்யாகிவிடும். என்னிடம் இனிமேல் பாதிப் பொய்யை வைக்க இடமில்லை. ஆகவே தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். இதிலே சிலதை நீ வேறொருவரிடம் கேட்டிருக்கிறாய். என் வாயாலும் ஒருமுறை கேள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. யாழ்ப்பாணத்தில் பட்டம் முடித்துவிட்டுச் சும்மா வீட்டில் இருந்தேன். அந்த நேரம் பேராசிரியர் ஒருவர் கடலேரிக் கரையில் ஒரு பனங்காணியை அகழத் தொடங்கியிருந்தார். எடுக்கிற பானை ஓடுகளை அளவு பிசகாமல் கீறுவதற்கு அவருக்கு ஆள் தேவைப்பட்டது. எனக்குக் கை நன்றாக ஓடும். சயிக்கிளில் போய் வர வீட்டில் விட்டார்கள், பேராசிரியர் வயசான மனுசன் என்பதால். ஆம்பிளைகள் குழி வெட்டுவார்கள். பெண்கள் மூன்று பேர் அந்த மண்ணை அரிதட்டில் அரிப்பார்கள். அரித்து முடிந்த மண்ணை ஒரு பக்கத்தில் கும்பியாகக் கொட்டுவார்கள். நான் பனைக்குக் கீழே மேசை போட்டு இருந்து கீறுவேன், எந்த ஓடு எந்தக் குழியில் எந்தப் படையில் எடுத்தது என்று பதிவுக் கொப்பியில் எழுதுவேன். மண் படைபடையாக இருக்கும், கீழே போகப் போகப் பழசு. கும்பியில் கிடந்ததென்றால் அது எந்தக் காலத்துச் சாமான் என்று கடவுளாலும் சொல்ல ஏலாது. இதெல்லாம் உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்போது எனக்கும் இது நல்லாகத் தெரிந்திருந்தது என்பதற்காக எழுதுகிறேன். தெரியாமல் செய்தேன் என்று ஒருநாளும் நினைக்காதே.

மண் அரித்த மூன்று பேரில் ஒராள் தெய்வானை. என்னைவிடப் பத்து வயசு மூப்பு. நான் அவவைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன், "நீ" என்றுதான் கதைத்தேன். அவ என்னை "பிள்ளை, வாங்கோ, இருங்கோ" என்பா. எங்கள் ஆட்களும் அவவின் ஆட்களும் அப்படித்தான் கதைத்துக்கொள்வது என்று நான் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. அவவுக்கு ஒரு கை இருந்தது, தம்பி. ஓட்டைக் கண்ணால் பார்க்க முதலே விரலால் தடவி இது வாய் விளிம்பு, இது வயிறு, இது அடி என்று சொல்லிவிடுவா. பட்டம் படித்த எனக்கு அது வர ஆறு மாதம் எடுத்தது.

மூன்று மாதம் தோண்டியும் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. கறுப்பும் சிவப்புமான ஓடுகள், கொஞ்ச எலும்பு, இரண்டு மணி. காசு தருகிறவர்கள் போதும் என்று சொல்லிவிட்டார்கள், சனிக்கிழமையோடு மூடப்போகிறோம் என்று பேராசிரியர் எங்களுக்கு அறிவித்துவிட்டுக் கொழும்புக்குப் போனார். வீட்டிலே எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை குழியை மூடினால் ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்குள்ளே. இவ்வளவுதான் காரணம். எங்கள் தமிழ் ஆட்கள் இந்த மண்ணில் எவ்வளவு பழசு என்று உலகத்துக்குக் காட்டுவதற்காகச் செய்தேன் என்று பிறகு பல வருசம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பிறகு வந்து ஒட்டிக்கொண்ட காரணம். முதல் காரணம் நான்.

வியாழக்கிழமை மத்தியானம் தெய்வானை ஈரக் கையோடு என் மேசைக்கு வந்தா.

"பிள்ளை, இஞ்சை பாருங்கோ. இது வெடிப்பில்லை. எழுத்து மாதிரிக் கிடக்கு."

உள்ளங்கையளவு ஓடு. அதிலே மூன்று எழுத்து, சுட முதல் ஈரக் களிமண்ணில் யாரோ குச்சியால் கீறியது. பிராமி எழுத்து.

"எங்கை எடுத்தனி?"

"கும்பிக்கு மேலை, பிள்ளை. ராத்திரி மழை கழுவி விட்டிருக்கு."

நான் அவவை அனுப்பிவிட்டுக் கொப்பியைத் திறந்தேன். மூன்றாம் குழி, நாலாம் படை என்று எழுதினேன். நாலாம் படைதான் ஆகக் கீழே. எழுத்து மற்ற நாள்களைவிட உறுப்பாக, வடிவாக இருந்தது.

நான் அடித்த தந்தியைக் கண்டு பேராசிரியர் வெள்ளிக்கிழமை காலமை ரயிலால் வந்திறங்கி நேரே காணிக்கு வந்தார். ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எல்லாரையும் கூப்பிட்டு, "நாலாம் படையிலை, நாலாம் படையிலை" என்று சின்னப்பிள்ளை மாதிரிச் சொல்லத் தொடங்கினார். தெய்வானை முன்னுக்கு வந்தா.

"ஐயா, அது கும்பிக்கு மேலை..."

"அவள் வேறை ஓட்டைச் சொல்லுறாள், சேர்," என்றேன். "அவளுக்கு விளங்கேல்லை."

தெய்வானை என்னைப் பார்த்தா. கோபம் இல்லை. நான் பிழையாக விளங்கிவிட்டேனாக்கும், திருத்திச் சொல்லுவேனாக்கும் என்று ஒரு கணம் பார்த்துக்கொண்டு நின்றா. நான் பேராசிரியருக்கு ஓட்டின் அளவைச் சொல்லத் தொடங்கினேன். அன்று பின்னேரம் வேலையாட்களைப் பார்க்கிற மேற்பார்வையாளரிடம், தெய்வானை இரண்டு குழி மண்ணையும் கலந்து போடுகிறாள், கை சுத்தமில்லை, நாளையிலிருந்து எடுக்க வேண்டாம் என்று சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. என் போன்ற வீட்டுப் பிள்ளை சொன்னால் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

அடுத்த நாள் அவ சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்தா. வேலிக்கு வெளியே மறித்தார்கள். பத்து மணிவரை அங்கேயே நின்றா. நான் தலையைக் குனிந்து கீறிக்கொண்டிருந்தேன், நிமிர்ந்து பார்க்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. பார்த்தேன். இரண்டு தரம் பார்த்தேன்.

காணியை மூடவில்லை. அந்த ஓட்டினால் இன்னும் இரண்டு பருவம் தோண்டினோம். அறிக்கை அச்சில் வந்தது, நான் கீறிய படம் முழுப் பக்கத்தில், கீழே என் பேர். கலியாணத்துக்கு முதல் நான் வாங்கிய ஆகப் பெரிய நகை அதுதான். பிறகு அப்பா வந்தார், நீ பிறந்தாய், சண்டை வந்தது. ஓடுகள் வைத்திருந்த கட்டடம் எரிந்தது. பதிவுக் கொப்பியும் அதற்குள்ளே. பேராசிரியர் கொழும்பில் செத்துப்போனார். குழியைப் பற்றை மூடிவிட்டது என்று நீயே பார்த்து வந்தாய். ஆகக் கடைசியில் என்ன மிஞ்சியிருக்கிறது? நான் கீறிய படமும், அதற்குக் கீழே நான் எழுதிய ஒரு வரியும். பிறகு எந்த வல்லுநர் வந்தும் அதைச் சரிபிழை பார்க்க ஏலாது. உண்மையாக எடுத்த இருநூறு ஓடு அழிந்துபோக, என் பொய் மட்டும் அச்சில் இருக்கிறது.

இந்த நாட்டுக்கு வந்து முதல் மூன்று வருசம் வடக்கே மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டினேன். உனக்கு ஏழு வயசு. பிறகு ஒஸ்லோ, வயோதிபர் இல்லம், பதினாறு வருசமாகக் கிழவிகளைக் கழுவித் துடைத்துப் படுக்க வைக்கிறேன். என் பட்டத்தை இஞ்சை ஒருத்தரும் விரித்தும் பார்க்கவில்லை. அதனால்தான் அந்தப் பக்கத்தை அறிக்கையிலிருந்து கிழித்துக் கண்ணாடி போட்டு இருப்பறையில் மாட்டினேன். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்க்க வேண்டும், நான் ஆர் என்று அறிய வேண்டும். அந்தப் படம் உனக்கு என்ன செய்யும் என்று நான் நினைக்கவில்லை.

நாலாம் வகுப்பில் உங்களைப் பிக்டோய்க்கு வைக்கிங் கப்பல் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள், நானும் உதவிக்கு வந்தேன். வெள்ளைச் சுவருக்கு நடுவில் அந்தக் கறுத்தக் கப்பலைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றாய். உன் வகுப்புப் பொடியன் ஒருவன், உங்கள் நாட்டிலே பழைய சாமான் இருக்கா என்று கேட்டான். நீ என்னைப் பார்த்தாய். அவர்கள் ஒரு படகுக்குக் கோயில் மாதிரி வீடு கட்டி வைத்திருக்கிறார்கள், எங்களுடையது எரிந்த கட்டடத்துக்குள் கிடக்கிறது என்ற எரிச்சலில் நான் என் உடைந்த நொர்ஸ்க் பாசையில் அந்தப் பொடியனுக்குச் சொன்னேன்: இந்தக் கப்பலைவிட ஆயிரம் வருசம் பழைய எழுத்தை நான் என் கையால் மண்ணுக்குள்ளிருந்து எடுத்தேன் என்று. என் கையால். கொப்பியில் எழுதிய பொய்யில்கூட அது இல்லை. தெய்வானையின் கையையும் அன்றைக்குக் களவெடுத்துக்கொண்டேன். நீ திரும்பி வரும் வழி முழுக்க என் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தாய்.

பிறகு நீ தொல்லியல்தான் படிப்பேன் என்று நின்றபோது, அப்பா எஞ்சினியர் எஞ்சினியர் என்று ஆறு மாதம் சண்டை பிடித்தார். நான் உனக்காக அவரோடு மோதினேன். உன்னுடைய நன்மைக்கு என்று நீ நினைத்தாய். அதுவும்தான். என் பிள்ளையாலே நான் திரும்ப அந்தப் பனைக்குக் கீழே போய் இருக்கலாம் என்ற ஆசையும்தான். கோடை விடுமுறையில் கம்லபியேனில் பழைய பட்டணத்தைத் தோண்டுகிற வேலைக்குப் போனாய். சப்பாத்து நிறைய சேற்றோடு வருவாய். ஒருநாள் குசினியில் நின்றுகொண்டு, நான் புட்டு அவிக்க, எனக்கு வகுப்பெடுத்தாய்.

"பொருள் ஒண்டும் இல்லை அம்மா. கொன்டெக்ஸ்ட்தான் எல்லாம். எங்கை கிடந்தது, எதோடை கிடந்தது. அதைத் தெரியாட்டில் தங்கமெண்டாலும் குப்பைதான்."

"ஓம்," என்றேன். "புட்டு ஆறுது, சாப்பிடு."

நீ மாஸ்டர் ஆய்வுக்கு எங்கள் பகுதியின் பழைய எழுத்தை எடுத்தாய். நடுவிலே என் ஓடு. ஆய்வுக்கு வழிகாட்டுகிற உன் வைலேடர் சந்தோசப்படுகிறார், அதைக் கீறிய ஆளே உயிரோடு இருக்கிறா, அதுவும் உன் அம்மா என்று சொன்னாய். நான் பாத்திரம் கழுவிக்கொண்டு, "வேறை ஏதாவது எடன், தம்பி" என்றேன். "ஏன் அம்மா இவ்வளவு அடக்கம்?" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பிலே நான் சொல்லியிருக்க வேண்டும். உன் இருபத்திநாலு வயசு முகத்தைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன்.

சமாதான காலம். பாதை திறந்திருந்தது. நீ மூன்று கிழமை யாழ்ப்பாணம் போய் வந்தாய். திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வந்தாய், கறுத்து மெலிந்திருந்தாய். அப்பா வேலைக்குப் போயிருந்தார். பாதிச் சாப்பாட்டில் கையை எடுத்துச் சோற்றுக் கோப்பையின் ஓரத்தில் வைத்தாய்.

"அம்மா, அந்த ஓடு எங்கை எடுத்தது?"

"மூண்டாம் குழி, நாலாம் படை."

"நீங்கள் கண்ணாலை கண்டனீங்களோ?"

"ஓம்."

"ஆர் எடுத்தது?"

"வேலையாள் ஆரோ. பேர் ஞாபகமில்லை."

நீ என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். அவசரப்படாமல், நேரம் தந்து பார்த்தாய். நான் இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ என்று கேட்டேன். "காணும் அம்மா" என்றாய். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாய். நீ தெய்வானையைக் கண்டு கதைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாய் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

ஆய்வு அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை மேசையில் வைத்துவிட்டுப் போனாய். நான் வேலையால் வந்து, தேத்தண்ணி ஊற்றி வைத்துக்கொண்டு, அகராதியோடு அதைப் படித்தேன். பதினொரு நாள் எடுத்தது. நன்றிப் பக்கத்தில் முதல் பேர் தெய்வானை. முழுப் பேர், ஊர். என் பேர் ஒரு இடத்திலும் இல்லை. பிறகு அந்தப் பக்கம் வந்தது. இந்த ஓடு கிடந்த இடம் நிச்சயமில்லை, அதைக் கண்டெடுத்தவர் கழிவு மண்ணில் எடுத்ததாகச் சொல்கிறார், கீறியவர் வேறாகச் சொல்கிறார், ஆகவே இந்த ஆய்வில் அது சேர்க்கப்படவில்லை. மூன்று வரி. உன் ஆய்வின் நெஞ்சை நீயே வெட்டி எடுத்திருந்தாய். அதனால் உனக்கு நல்ல புள்ளி கிடைக்கவில்லை என்றும், மேலே படிக்கிற இடம் வேறொரு பிள்ளைக்குப் போய்விட்டது என்றும் அப்பா சொன்னார்.

எனக்கு வெட்கம் வந்திருக்கும் என்று நினைக்கிறாயா? கோபம்தான் வந்தது. பெற்ற தாயின் சொல்லையும் எவளோ ஒருத்தியின் சொல்லையும் ஒரே தராசில் வைத்துவிட்டான் என்று கோபம். என் முகத்துக்கு நேரே கேட்காமல் அச்சில் கேட்டுவிட்டான் என்று கோபம். நீ கேட்டாய், மூன்று தரம் கேட்டாய் என்பதை நான் வசதியாக மறந்துவிட்டேன். "கீறியவர்" என்று பேரை மறைத்து எனக்கு நீ செய்த தயவுதான் எல்லாவற்றிலும் கூடச் சுட்டது. இந்த இரண்டு வருசமும் தீபாவளிக்கு வந்தாய், பொங்கலுக்கு வந்தாய், சாப்பிட்டாய், போனாய். நான் ஒவ்வொரு முறையும் உனக்குப் பிடித்ததைச் சமைத்து, உன்னைத் தண்டிப்பதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தேன்.

பங்குனியில் சங்கத்துப் பொறுப்பாளர் டெலிபோன் எடுத்தார்.

"அக்கா, உங்கட ஓட்டுப் படத்தை மலருக்கு முன் அட்டையாப் போடுறம்."

"வேண்டாம்," என்றேன்.

ஏன் ஏன் என்று கேட்டார். அவர் எனக்கு அந்நியம், ஆகவே சொல்ல முடிந்தது. அது எங்கே கிடந்தது என்று ஒருத்தருக்கும் தெரியாது, நாலாம் படை என்று நான்தான் பொய்யாக எழுதினேன் என்று சொன்னேன். உனக்குச் சொல்லாததை முதலில் அவருக்குச் சொன்னேன். அதையும் நீ அறிந்துகொள்.

அவர் குரலைத் தணித்துக் கேட்டார்.

"இதை வேறை ஆருக்கும் சொன்னனீங்களோ அக்கா?"

"இல்லை."

"சொல்லாதேங்கோ. ஓடு உண்மைதானே? எழுத்து உண்மைதானே? எங்கை கிடந்தா என்ன? இப்ப எங்களுக்கு இருக்கிற நிலைமையிலை இதுகளைக் கிளறக் கூடாது."

அவர்கள் பழைய அறிக்கையிலிருந்து படத்தை எடுத்துப் போட்டுவிட்டார்கள். விழாவன்று அப்பா கட்டாயப்படுத்தினார் என்று போனேன். என் பேரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார்கள். முந்நூறு பேர் கை தட்டினார்கள். நான் இறங்கி வந்துவிட்டேன், மைக்கைப் பிடித்து உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஏலாது. பொன்னாடையை வாங்கிக்கொண்டேன். சிரித்தேன் என்றுகூடப் போட்டோவில் தெரிகிறது. உன் "வாழ்த்துக்கள்" அந்தச் சிரிப்புக்குத்தான்.

நீ சனிக்கிழமை போன பிறகு உன் கட்டிலுக்குக் கீழே கூட்டினேன். ஒரு சின்னப் பெட்டி மிஞ்சியிருந்தது. உன்னைக் கேட்காமல் திறந்தேன். யாழ்ப்பாணத்தில் எழுதிய கொப்பி. தெய்வானை என்ற பேருக்குக் கீழே சந்திக் கடை ஒன்றின் டெலிபோன் நம்பர். மூன்று நாள் அதை வைத்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை வேலை இல்லை, காலமை எடுத்தேன். கடைக்காரன், அரை மணித்தியாலம் கழித்து எடுங்கோ, ஆளைக் கூட்டி வாறன் என்றான். எடுத்தேன். யாரோ மூச்சு வாங்குகிற சத்தம்.

"ஆர்?"

"நோர்வேயிலையிருந்து. அந்தப் பொடியன்ர தாய்."

"ஐயோ, நீங்களோ பிள்ளை! தம்பி சுகமோ? முத்தத்திலை பாயிலை இருந்து தேத்தண்ணி குடிச்சவர். நல்ல பிள்ளை. நீங்கள் சொல்லி விட்டதையும் வந்தவுடனை சொன்னவர்."

"நான் என்ன சொல்லி விட்டனான்?"

"அதுதான், அந்த ஓட்டுக் கதை. அம்மா தன்ர பிழையை உணர்ந்திட்டா, தன்னாலை வர ஏலாது, உங்களிட்டை மன்னிப்புக் கேக்கச் சொல்லி விட்டவ எண்டார். எனக்கு உடனை நெஞ்சு ஆறிப்போச்சு பிள்ளை. இத்தினை வருசமா ஆரும் என்னைக் கேக்கேல்லை. நீங்கள் கேட்டு விட்டீங்கள். காணும்."

தம்பி, நீ எனக்காகச் சொல்லியிருக்கிறாய். ஒரு ஓடு அரை அடி தள்ளிக் கிடந்தது என்று பொய் எழுத மாட்டாத நீ, அந்த முற்றத்தில் பாயில் இருந்துகொண்டு என் பேரால் ஒரு பொய் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். பிறகு அதை உண்மையாக்க எனக்கு ஒரு வழி தரலாம் என்று வந்து, பாதிச் சாப்பாட்டில் கையை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறாய். நான் நாலாம் படை என்றேன். பேர் ஞாபகமில்லை என்றேன்.

ஓம் என்று விட்டிருந்தால் அந்த மனுசி சந்தோசமாக வீட்டுக்குப் போயிருப்பா. என்னால் இன்னொரு முறை ஏலவில்லை.

"தெய்வானை அக்கா," என்றேன். அவவை அப்படிக் கூப்பிட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். "நான் அவனைச் சொல்லி விடேல்லை. அவன் தானாச் சொன்னது. நான் இப்பதான் கேக்கிறன்."

ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"அப்ப இவ்வளவு வருசமும் நீ கேக்கேல்லை," என்றா.

நீ. என்னை அவ ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

"இல்லை."

"அதுக்குப் பிறகு ஊரிலை ஒருத்தரும் என்னை வேலைக்கு எடுக்கேல்லை, தெரியுமோ? கை சுத்தமில்லாதவள் எண்டு பேர். மூத்தவளைப் பள்ளிக்கூடத்தாலை மறிச்சு, பிள்ளை பாக்கிற வேலைக்கு விட்டனான். அவளுக்குப் பத்து வயசு."

"தெரியாது."

"தெரியாதோ? நீ தேடேல்லை." கொஞ்சம் பொறுத்து, "உன்ர மோன் நல்லவன். அவனைச் சுகம் கேட்டதெண்டு சொல்லு," என்றா. வைத்துவிட்டா.

சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன். நான் செய்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. உன் பொய் அந்த மனுசிக்கு இரண்டு வருசம் நிம்மதி கொடுத்தது, என் உண்மை இரண்டு நிமிசத்தில் அதைப் பிடுங்கிவிட்டது. உண்மை சொன்னால் மனம் இலேசாகும் என்று ஆட்கள் சொல்லுவார்கள். எனக்கு ஆகவில்லை. ஆனால் உனக்கு ஒன்றைச் சொல்ல எனக்கு இன்னும் உரிமை மிஞ்சியிருந்தால் இதைச் சொல்கிறேன்: இனி ஒருத்தருக்காகவும், எனக்காகக்கூட, மன்னிப்புக் கேட்டுக் கொடுக்காதே. கேட்க வேண்டியவள் கேட்காமலே தப்பிவிடுகிறாள். நான் தப்பினேன். அதோடு, மண்ணுக்குள்ளே எடுக்கிற எந்தச் சாமானுக்கும் அதை எடுத்த கையின் பேரை எழுது. வைலேடரின் பேருக்கு முதல், உன் பேருக்கு முதல்.

இதோடு இரண்டு தாள் வைத்திருக்கிறேன். நடந்ததைத் தமிழிலும் நொர்ஸ்கிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நொர்ஸ்கில் பிழை இருக்கும், திருத்து, ஆனால் மெதுவாக்காதே. ஒரு பிரதியை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குத் தபாலில் போட்டுவிட்டேன். உன் துறையின் சஞ்சிகையில் போட ஏலுமென்றால் போடு. "கீறியவர்" என்று எழுதாதே. என் பேரைப் போடு. சங்கத்து ஆட்கள் என்ன சொல்லுவார்கள் என்று தெரியும். துரோகி என்பார்கள், ட்வெய்ட்டா கடையில் கண்டால் மற்றப் பக்கம் போவார்கள். போகட்டும். அப்பாவுக்கு நேற்றுத் தாளைக் காட்டினேன். இருபத்தேழு வருசம் என்னோடு வாழ்ந்த மனுசன் முதல் தரம் அறிகிறார். படித்தார், பல்கனிக்குப் போனார், நெடுநேரம் நின்றார். உள்ளே வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அந்த மனுசிக்கு எத்தினை பிள்ளையள்?" எனக்குத் தெரியவில்லை. மூத்தவள் ஒருத்தி என்று மட்டும்தான் தெரியும். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். இன்றைக்கு என்னோடு கதைக்கவில்லை.

நான் புதன்கிழமையும் வியாழக்கிழமையும் அந்தக் கடைக்குத் திரும்ப எடுத்தேன். புதன்கிழமை, அவ வரமாட்டாவாம் என்றான் கடைக்காரன். வியாழக்கிழமை அவனுக்கே சங்கடமாக இருந்தது. "அம்மா, குறை நினைக்காதேங்கோ. தனக்கு நோர்வேயிலை ஒரு பொடியனைத்தான் தெரியுமாம், அவன்ர தாயைத் தெரியாதாம், அப்பிடியே சொல்லச் சொன்னவ," என்றான்.

அதற்குப் பிறகு நான் எடுக்கவில்லை. ஊரிலே திரும்பச் சண்டை வரப்போகிறது என்கிறார்கள், பாதையும் பூட்டுப்படும், டெலிபோனும் நிற்கும். அதற்கு முதல் அவவுக்கு நீ எடு.

அம்மா